ஜெபாவுக்கு ஆறு டெரா

ஜூலை 19, வெள்ளி

பேக்கப் சர்வர் வந்து இறங்கிவிட்டது. பொன்மாலை ஸ்டுடியோவின் சரித்திரத்தில் இது முக்கியமான நாள் என்று எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தேன். முதலாளி தங்கமாரியப்பன் அண்ணாச்சி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிரிட்ஜு மாதிரி உறுமுதே, கரண்டு பில்லு எவ்வளவுடே வரும்?" என்று கேட்டார். சரித்திரம் அதோடு நின்றுபோனது.

சர்வர் வைத்திருப்பவன் அன்றாடம் நடப்பதைக் குறித்துவைக்க வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதனால்தான் இந்த டைரி. தொழில்நுட்ப விஷயங்கள் மட்டுமே இதில் இடம்பெறும். சொந்தக் கதை, சோகக் கதை எல்லாம் எழுத எனக்கு நேரமும் இல்லை, கதையும் இல்லை.

மொத்தம் பதினாறு டெரா, அதாவது பதினாறாயிரம் ஜிபி இடம். கோவில்பட்டியில் வேறு எந்த ஸ்டுடியோவிலும் இவ்வளவு கிடையாது என்று அடித்துப் பேசி அண்ணாச்சியை வாங்கவைத்தவன் நான்தான். இதுவரை கல்யாண வீடியோக்களைப் போட்டுவைத்திருந்த சின்ன ஹார்டு டிஸ்குகளை, உள்ளே இருந்ததையெல்லாம் சர்வருக்கு மாற்றியதும் விற்றுவிடலாம், "இனிமே அது எதுக்கு அண்ணாச்சி" என்றும் சொல்லிவிட்டேன். இப்படித் துணிந்து பேசும் சமயங்களில் எனக்கே என்னைப் பிடித்துப்போகிறது. வருடத்தில் இரண்டு தடவை நடக்கும்.

ஜூலை 22, திங்கள்

ஆடி மாதம். கல்யாணம் கிடையாது. ஸ்டுடியோவில் எல்லோரும் ஈ ஓட்டுகிறோம். கேமராமேன் குமரேசன் ட்ரோனுக்கு எண்ணெய் போடலாமா என்று கேட்டான். போடக் கூடாது என்றேன். கேட்டானே தவிர ஏற்கனவே போட்டிருந்தான்.

புது நடைமுறையை அண்ணாச்சிக்கு விளக்கினேன். மெமரி கார்டுகள் கல்யாண மண்டபத்திலிருந்து வந்ததும் வழக்கம்போலப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் இருக்கும் தாம்பாளத்தில் இருக்கட்டும். சர்வரில் நகல் ஏறி, பச்சை விளக்கு வந்த பிறகே கார்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டும். "பச்சை வரலேன்னா?" என்றார். வரும் என்றேன். "பிள்ளையார் பாத்துக்கிடுவாரு" என்று அவர் பொறுப்பை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூலை 24, புதன்

இன்று இட ஒதுக்கீடு. சற்று விரிவாக எழுத வேண்டும்.

டிஸ்கில் இடம் ஒதுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, பேருக்கு ஒதுக்குவது. எட்டு டெரா என்று எழுதியிருக்கும். ஆனால் ஃபைல் வர வரத்தான் இடம் பிடிக்கும். மிச்சத்தை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, முழு இடத்தையும் இப்போதே ஒதுக்குவது. கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிறோமே, அதுதான். ஆள் வந்து உட்கார்ந்தாலும் சரி, உட்காராவிட்டாலும் சரி, வேறு யாரும் அங்கே உட்கார முடியாது. விவரம் தெரிந்தவர்கள் முதல் வழியில் போய், இடத்தைக் கண்காணித்துக்கொள்வார்கள்.

காலையில் டீ குடிக்கும்போது ஜெபா ஒரு செய்தி சொன்னாள். ஜெபராணி எங்கள் வீடியோ எடிட்டர். நான்கு வருடமாக இங்கே இருக்கிறாள். மூன்று மணி நேரக் கல்யாணத்தை நாற்பது நிமிடமாக்குவாள். அந்த நாற்பது நிமிடத்தில் சம்பந்தி வீட்டார் யாரும் விட்டுப்போயிருக்க மாட்டார்கள். ஸ்டுடியோவில் எல்லோரும் என்னை 'இசக்கியண்ணே' என்பார்கள். இவள் மட்டும் 'சார்' என்பாள். இது தொழில்நுட்ப விஷயம் அல்ல, தகவலுக்காக எழுதுகிறேன்.

"கோயம்புத்தூர்ல ஒரு பெரிய ஸ்டுடியோல கூப்பிடுறாங்க சார். ஆடி முடியுறதுக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"நல்ல விஷயம்தானே" என்றேன்.

"நல்ல விஷயம்னா, போகச் சொல்றீங்களா?"

"அங்க நெட் ஸ்பீடு நல்லா இருக்கும்."

முப்பத்தேழு வயது ஆண்மகன் சொன்ன பதில் இது. அவள் டீ கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மதியம் டிஸ்கை வால்யூம்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்தேன். கல்யாணம்: எட்டு டெரா. காதுகுத்து, சடங்கு, பணி நிறைவு விழா வகையறா: இரண்டு. ஜெபா: ஆறு. மூன்றுக்கும் 'முழு இடத்தையும் இப்போதே ஒதுக்கு' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். ஒரு எடிட்டருக்கு எதற்குத் தனியாக ஆறு டெரா என்று யாராவது கேட்டால், எதிர்கால வளர்ச்சி என்று சொல்லலாம். யாரும் கேட்கப் போவதில்லை. சர்வர் திரையைப் பார்ப்பவன் நான் ஒருவன்தான்.

ஜூலை 25, வியாழன்

முழு ஒதுக்கீடு என்றால் சர்வர் அந்த இடம் பூராவும் பூஜ்ஜியமாக எழுதி நிரப்பும். நேற்று மதியம் தொடங்கி இன்று சாயங்காலம் வரை ஜெபாவின் பெயரில் பூஜ்ஜியம் எழுதிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நான்கு வருடத்தில் அவள் விஷயத்தில் நானும் அதைத்தானே செய்திருக்கிறேன் என்று ஒரு நினைப்பு வந்தது. தலையைத் தட்டிவிட்டுக்கொண்டு வயர்களுக்கு டேப் ஒட்டினேன்.

ஜூலை 31, புதன்

அம்மா போன் செய்தாள். எட்டயபுரத்தில் ஒரு பெண் இருக்கிறதாம். தொழில்நுட்ப விஷயம் அல்ல என்பதால் எழுதவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஹெட்மாஸ்டர் ஒருவரின் பணி நிறைவு விழா வந்தது. இந்த மாதத்தின் ஒரே ஆர்டர். கார்டு தாம்பாளத்துக்குப் போய், சர்வருக்கு ஏறி, பச்சை விளக்கு எரிந்தது. குமரேசன் கைதட்டினான். நான் அடக்கமாகத் தலையாட்டினேன்.

பழைய கல்யாணங்களை மாற்றியது போக, இரண்டு வாரத்தில் எவ்வளவு இடம் தீர்ந்தது என்று கணக்குப் போட்டு, இதே வேகத்தில் போனால் பதினோரு வருடத்துக்குக் கவலையே இல்லை என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் குளிர்ந்துபோய் எல்லோருக்கும் உளுந்தவடை வாங்கித் தந்தார். சொன்னபடி பழைய ஹார்டு டிஸ்குகளையும் இன்றைக்கே விற்றுவிட்டோம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஜெபா என் மேஜைக்கு வந்து நின்றாள். நிற்கிற விதமே வித்தியாசமாக இருந்தது.

"சார், நீங்க என்கிட்ட எதாவது கேக்கணுமா?"

"ஆமா" என்றேன். அவள் முகம் மாறியது. "அந்த நீளமான லேன் கேபிள் உங்ககிட்டதான இருக்கு?"

"இருக்கு. வேற?"

"வேற... அதோட அடாப்டர்."

கொண்டுவந்து வைத்தாள். வைத்தாள் என்பதைவிடப் போட்டாள் என்று எழுதுவதே சரி. ஏன் கோபித்துக்கொண்டாள் என்று எனக்குப் புரியவில்லை. கேபிள் நன்றாக வேலை செய்கிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆவணி பிறந்து முதல் முகூர்த்தம். மூன்று கல்யாணம். ஒவ்வொன்றும் மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு என்று அரை டெராவுக்கு மேல் விழுங்கிவிட்டது. கல்யாண வால்யூமில் பழைய கல்யாணங்களே ஐந்து டெரா உட்கார்ந்திருக்கின்றன. மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தது.

ஆடி மாதத்தை வைத்துப் பதினோரு வருடத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன்! கல்யாண ஸ்டுடியோவில் எட்டு வருடம் குப்பை கொட்டியவன். வடை வேறு இரண்டு தின்றேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தது. அதை வராமல் நிறுத்திவைத்தேன்.

வழி தெரியாமல் இல்லை. ஜெபாவின் வால்யூமில் கால் டெராகூட நிரம்பவில்லை. ஆனால் நான் தேர்ந்தெடுத்த வகையில் வால்யூமைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. கல்யாண நகல்களை அப்படியே அதில் போடவும் வழியில்லை, ஒரு வகைக்கு ஒரு வால்யூம் என்றுதான் அமைத்திருக்கிறேன். மொத்தமாக அழித்துத்தான் இடத்தை மீட்க வேண்டும். அழித்தாலும் ஒன்றும் குடி முழுகிப்போகாது. அதில் இருப்பது நகல், அசல் அவள் மெஷினில் பத்திரமாக இருக்கிறது. ஆனாலும் ஒருவர் போவதா இருப்பதா என்று யோசிக்கும் நேரத்தில் அவர் பெயரை சர்வரிலிருந்து எடுப்பது நன்றாக இருக்காது. ஆடி முடிந்துவிட்டது, அவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். ஆறு டெரா வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம்.

ஆகஸ்ட் 22, வியாழன்

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பெரிய முகூர்த்தம். ஐந்து கல்யாணம். வெளியிலிருந்து ஆள் எடுத்து, எல்லாக் கேமராவும் வெளியே. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கார்டுகள் வந்து தாம்பாளம் நிறைந்தது. சாயங்காலம் அதே கார்டுகளோடு ஐந்து வரவேற்புக்குப் போக வேண்டும். இரண்டு கல்யாணம் ஏறியது. மூன்றாவது ஏறும்போது சர்வர் நின்றது. சிவப்பு விளக்கு. இடமில்லை.

அண்ணாச்சி ஓடிவந்தார். "என்னடே, செவப்பு எரியுது?"

"லோடு ஜாஸ்தி அண்ணாச்சி. கொஞ்சம் ஆறட்டும்" என்றேன். இட்லியைச் சொல்வதுபோலச் சொன்னேன்.

"ஆறுற வரைக்கும் மண்டபத்துல பொண்ணு மாப்பிள்ளய உக்கார வைக்கவா? கார்டக் குடு, அழிச்சிட்டுப் போகட்டும்."

"அழிச்சா முகூர்த்தம் போயிரும் அண்ணாச்சி. தாலி கட்டுறது அதுல மட்டுந்தான் இருக்கு."

பழைய ஹார்டு டிஸ்கை எடு என்றார். விற்றாயிற்று. குமரேசனைக் கடைக்கு அனுப்பினார். ஊரிலுள்ள ஸ்டுடியோக்காரன் எல்லாம் காலையிலேயே வாங்கிப்போய்விட்டானாம், இரண்டு கார்டுதான் கிடைத்தது. அப்போது ஜெபா எழுந்துவந்து என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். மூடிவிடலாம் என்று மவுஸைத் தேடினேன். கைக்குப் பக்கத்திலேயே இருந்தும் கிடைக்கவில்லை.

"சார், இது என்ன? ஜெபான்னு ஆறு டெரா?"

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "ஆறா? அதுல எவ்வளவு ரொம்பியிருக்கு?"

"கால் டெராகூட இல்ல அண்ணாச்சி. காலியாத்தான் கெடக்கு" என்றாள் ஜெபா. அவளுக்கே விளங்கவில்லை.

அண்ணாச்சி நிமிர்ந்தார். அவர் அப்படி நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. "நீ கோயம்புத்தூர் போறேன்னு நாலு பேரு சொன்னாங்க. நான் நம்பல. இப்பப் புரியுது. என் பார்ட்டி படத்தையெல்லாம் மொத்தமா அள்ளிட்டுப் போகத்தான் தனியா எடம் போட்டு வச்சிருக்கியா, தாயி? இவனும் ஒனக்குக் கூட்டா?"

ஜெபா என்னைப் பார்த்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. நான் பேசுவேன் என்று பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"அவங்களுக்கு இதுல ஒண்ணுமே தெரியாது அண்ணாச்சி. நான்தான் போட்டேன். அவங்க போயிரக் கூடாதுன்னு போட்டேன்."

"சர்வர்ல எடம் போட்டா போக மாட்டாங்களாண்ணே?" என்று குமரேசன் கேட்டான். கிண்டல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"எனக்கு அவங்களப் பிடிக்கும்" என்றேன். அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னேன். சொல்ல வேண்டிய ஆள் பக்கத்தில் நிற்க, அறுபது வயது மனுஷனிடம் போய்ச் சொன்னேன்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "ஏலே கூறுகெட்டவனே, நாக்கு எதுக்குல இருக்கு ஒனக்கு? ஏம்மா ஜெபா, நான் தெரியாம..."

ஜெபா அவரைப் பார்க்கவில்லை. "என் பேர்ல போட்டிருக்கீங்களே சார், என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மவுஸ் இப்போதுதான் என் கைக்குக் கிடைத்தது.

"அழிங்க."

அழித்தேன். 'உறுதியாகவா?' என்று சர்வர் இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் அவள்தான் "ஆமா" என்றாள். ஆறு டெராவையும் கல்யாண வால்யூமோடு சேர்த்தேன். சிவப்பு போய், நகல் ஏறத் தொடங்கியது. வரவேற்புகளுக்குக் கார்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஜெபா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

சர்வர் நன்றாக ஓடுகிறது. ஜெபா வரவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

வரவில்லை. அண்ணாச்சி அவள் வீட்டுக்குப் போய், அவள் அம்மா முன்னால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். "அந்தப் பிள்ள காபி குடுத்துச்சுடே. முகத்தைத்தான் பாக்க முடியல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ போகலயா?" என்றார். சர்வரைத் தனியாக விட முடியாது என்றேன். அவர் ஏதோ சொன்னார். அதை எழுத மாட்டேன், கெட்ட வார்த்தை.

ஆகஸ்ட் 26, திங்கள்

ஜெபா வந்தாள். முடிக்காமல் இருந்த இரண்டு கல்யாணங்களை முடித்துக் கொடுத்துவிட்டுக் கோயம்புத்தூர் கிளம்புகிறாளாம்.

மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"கோயம்புத்தூருக்கு நான் வரலேன்னு ஆடியிலேயே சொல்லிட்டேன் சார். உங்களுக்குத் தெரியுமா?"

எப்போது என்று கேட்டேன்.

"உங்ககிட்ட வந்து எதாவது கேக்கணுமான்னு கேட்டேன்ல, அதுக்கு முந்தின நாள். நீங்க லேன் கேபிள் கேட்டீங்க."

அட மடையா, மடையா என்று எனக்குள் நானே கத்திக்கொண்டேன்.

"அப்பவும் இருந்தேன். சரி, மெதுவாக் கேப்பாருன்னு இருந்தேன். கடைசியில திருடின்னு பேர் வாங்குனதுதான் மிச்சம். அண்ணாச்சி வந்து மன்னிப்புக் கேட்டாரு, நல்ல மனுஷன், மனசுல ஒண்ணும் இல்ல. ஆனா நாலு பேரு முன்னால அந்த வார்த்தை விழுந்த எடத்துல என்னால உக்காந்து வேலை பாக்க முடியாது. திரும்பவும் போன் பண்ணி வரேன்னுட்டேன்."

இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன சொல்ல வேண்டும் என்பது குமரேசனுக்குத் தெரியும். அண்ணாச்சிக்குத் தெரியும். வாசலில் படுத்திருக்கும் நாய்க்குத் தெரியும்.

"உங்க வேலையெல்லாம் ஒரு டிஸ்க்ல போட்டுத் தரவா?" என்றேன்.

"போட்டுத் தாங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 31, சனி

பஸ் ஸ்டாண்டில் அவளையும் அவள் அம்மாவையும் அண்ணாச்சி தன் காரிலேயே கொண்டுபோய் விட்டார். பெட்டி தூக்குவதற்கு என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பெட்டிகளைத் தூக்கினேன். அதை நன்றாகச் செய்தேன்.

பஸ் கிளம்பும்போது ஜன்னலோரம் போய் நின்றேன். "ஜெபா" என்றேன். அவள் அம்மாவும் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லுங்க சார்."

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இங்க வேண்டாம். போன்ல கேக்கட்டுமா? கேக்கலாமா?"

"ஒரு வாரம் கழிச்சுப் பண்ணுங்க. அதுக்குள்ள ரெண்டு பேருக்கும் சேத்து நீங்களே முடிவு பண்ணி வச்சிராதீங்க" என்றாள். பஸ் நகர்ந்தது. அவள் அம்மா எனக்குக் கையசைத்தார், பாவம், என்ன நடக்கிறது என்று அவருக்குப் பாதிதான் தெரியும்.

செப்டம்பர் 4, புதன்

இருந்ததையெல்லாம் இரவல் டிஸ்குகளில் எடுத்துவைத்துக்கொண்டு, வால்யூம்களை அழித்து மறுபடி பிரித்தேன். இந்த முறை பேருக்கு ஒதுக்கும் வழிதான். எவ்வளவு தேவை என்று புது எடிட்டரிடமும் குமரேசனிடமும் போய்க் கேட்டேன். "எதுக்குண்ணே கேக்கீங்க, நீங்களாப் போடுங்க" என்றான் குமரேசன். மாட்டேன் என்றேன்.

மூன்று நாளாக ஒரு தாளில் பேச வேண்டியதை எழுதி எழுதி அடிக்கிறேன். இப்போதைக்கு 'வணக்கம்' மட்டும் நிற்கிறது. அதுவும் அவ்வளவு நன்றாக இல்லை.

செப்டம்பர் 7, சனி

சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய் போன் செய்தேன். தாளைக் கீழேயே மறந்து வைத்துவிட்டேன்.

"சாப்பிட்டீங்களா?" என்று தொடங்கினேன். சாப்பிட்டாளாம். புது இடத்தில் நெட் ஸ்பீடு எப்படி என்று கேட்கத்தான் வாய் போனது. கடித்துக்கொண்டேன்.

"ஜெபா, எனக்கு உங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு ஆசை. ரொம்ப நாளா ஆசை. கேக்கத் தைரியம் இல்லாம கண்ட கூத்தும் அடிச்சு, உங்களுக்குக் கெட்ட பேரும் வாங்கிக் குடுத்துட்டேன். எங்க அம்மாகிட்ட நேத்தே சொல்லிட்டேன், அழுதுச்சு, அப்புறம் சர்ச்சுல சைவச் சாப்பாடு போடுவாங்களான்னு கேட்டுச்சு. உங்களுக்கு இஷ்டம் இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க, நான் தாங்கிக்கிடுவேன். உங்களுக்கு இஷ்டமா?"

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். போகவில்லை. பிறகு அவள் பதில் சொன்னாள்.

என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று அவளிடம் இன்னும் கேட்கவில்லை.